பலாப்பலகைக் கூட்டில் ஒரு கேமிங் கணினி: கும்பகோணத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தேவை என்ன

கும்பகோணத்தில் வீடு, திருச்சியில் கல்லூரி விடுதி, நடுவே 90 கிலோமீட்டர் சொச்சம். இரண்டு இடத்திலும் மானிட்டரும் கீபோர்டும் இருக்கின்றன. கணினி மட்டும் கூடவே போய் வர வேண்டும். பேருந்தில் காலடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். 1080பி திரையில் புது விளையாட்டுகள் தடங்கலின்றி ஓட வேண்டும். நாலைந்து வருடம் கழித்து கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும். ஒரு பொறியியல் மாணவர் இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வந்தார். நாலாவதாக ஒன்றைச் சற்றுத் தயங்கிச் சொன்னார்: "கேஸை மட்டும் நாமே செய்யணும் அண்ணா. தாத்தா வீட்டைப் பிரிச்சப்ப எடுத்து வச்ச பலாப்பலகை இருக்கு. அதுல முடியுமா?"

கேமிங் லேப்டாப் வாங்கிவிடலாமே என்று அவர் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப்பை போர்டோடு சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள். அது பழுதானால் போர்டையே மாற்ற வேண்டியதுதான், மேம்படுத்தவும் வழியில்லை. என் கடைக்கு வரும் கேமிங் லேப்டாப்புகளில் பெரும்பாலானவை சூட்டுக் கோளாறோடுதான் வருகின்றன. பையனின் தேவைக்குத் தனிக் கணினிதான் சரி என்று அவருக்கும் பட்டது.

சின்னக் கேஸ் என்று பேச ஆரம்பித்தாலே எல்லோரும் லிட்டர் கணக்கைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 7.2 லிட்டர் கொள்ளளவுள்ள டான் ஏ4 போன்ற கேஸ்கள் வந்ததிலிருந்து, எவ்வளவு குறைத்தோம் என்பதே திறமையின் அளவாகிவிட்டது. காவிரிப் படுகையில் உட்கார்ந்துகொண்டு கேஸ் செய்கிறவர் அந்த எண்ணிலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இங்கே அறையின் சூடுதான் முதல் அளவு. மற்ற அளவெல்லாம் அதற்குப் பிறகு. இந்தக் கணினியைச் செய்த கதையே அந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்ததுதான்.

அறையின் சூடு

பையனின் அறை மாடியில் இருக்கிறது. மேலே மொட்டைமாடி, ஏசி கிடையாது. கத்திரி வெயில் நாட்களில் பிற்பகலில் மின்விசிறி ஓடும்போதே அறைக்குள் 35 டிகிரி. வெளிநாட்டுச் சோதனை வீடியோக்களில் பெரும்பாலும் 20, 21 டிகிரி அறையில் வைத்துத்தான் சூட்டைப் பார்க்கிறார்கள். சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பாகமான ஹீட்சிங்க், விசிறியால் எவ்வளவு குளிர்ந்தாலும் அறைக்காற்றைவிடக் கீழே போகாது. அறைச் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி ஏறும் என்றுதான் அதன் கணக்கு. அங்கே 70 காட்டிய கார்டு நம் மாடியறையில் 84 காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, அறைதான் வேறு.

இந்த 14 டிகிரியை எங்கிருந்தாவது மீட்க வேண்டும். அதற்கு வழி இரண்டு: குறைவாக வாட் எரிக்கும் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது, காற்றுக்குத் தாராளமாக வாசல் விடுவது. இரண்டையும் செய்தோம்.

பாகங்கள்

மதர்போர்டு மினி ஐடிஎக்ஸ். தைவானின் வியா டெக்னாலஜிஸ் 2001-இல் கொண்டுவந்த அளவு இது: 170க்கு 170 மி.மீ. சதுரம். பிராசசர் ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட் வகை. முழு வேகத்தில் 88 வாட் வரை எடுக்கும். இதை எடுத்ததற்கு இன்னொரு காரணம், இதற்குள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. கார்டு மக்கர் செய்தாலும் திரையில் படம் வரும். அது எங்களுக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060. 115 வாட்தான். இரண்டு விசிறி வைத்த, 227 மி.மீ. நீளமுள்ள, 40 மி.மீ. கனமுள்ள கார்டு கிடைத்தது. பையனுக்கு இன்னும் பெரிய கார்டு மேல் ஒரு கண் இருந்தது. 35 டிகிரி அறையில், ஏறத்தாழ 11 லிட்டர் பெட்டிக்குள், கூடுதலாக வரும் ஒவ்வொரு வாட்டும் விசிறிச் சத்தமாகத்தான் திரும்பி வரும் என்று விளக்கியதும் ஒப்புக்கொண்டார்.

பிராசசருக்கு 47 மி.மீ. உயரமுள்ள தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90 எக்ஸ்47 கூலர். 37 மி.மீ. உயரத்தில் நாக்டுவாவின் என்எச்-எல்9 இருக்கிறது, அருமையான சாமான். ஆனால் நம் சூட்டுக்கு அந்தப் பத்து மில்லிமீட்டரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவு வகை, 125க்கு 63.5க்கு 100 மி.மீ., 600 வாட். மொத்தக் கணினியும் சுவரிலிருந்து 250 வாட்டைத் தாண்டாது என்பதால் 450 வாட்டே போதும். பாதிச் சுமையில் ஓடும்போது அதன் விசிறி நிதானமாக இருக்கும் என்பதற்காகவும், அடுத்த கார்டை மனதில் வைத்தும் பெரியதை எடுத்தோம். ரேம், எஸ்எஸ்டி பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. எஸ்எஸ்டியை மட்டும் போர்டின் பின்பக்க ஸ்லாட்டில் போடவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் கார்டின் சூடு வரும்.

அமைப்பு

நடுவில் 2 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்று முதுகெலும்பாக நிற்கிறது. ஒரு பக்கம் மதர்போர்டும் அதற்கு முன்னால் பவர் சப்ளையும். மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டு, ரைசர் கேபிள் வழியாக இணைந்து. கார்டை நேரடியாகப் போர்டில் செருகாமல் தள்ளி வைக்க உதவும் நீட்டிப்புக் கேபிள் அது. சாண்ட்விச் அமைப்பு என்பார்கள். போர்டு, கார்டு இரண்டின் விசிறிகளும் வெளிப்பக்கம் பார்த்து, ஆளுக்கொரு பக்கத்திலிருந்து புதுக்காற்றை நேரடியாக இழுக்கும். சூடான காற்று மேலே போகும். அங்கே 15 மி.மீ. கனமுள்ள 120 மி.மீ. விசிறி இரண்டு அதை வெளியே தள்ளும். வெளியளவு 340 நீளம், 230 உயரம், 145 அகலம். பெருக்கினால் 11.3 லிட்டர்.

இன்னும் குறைத்திருக்க முடியும். கார்டின் விசிறிக்கும் பக்கத்தகட்டுக்கும் நடுவே 20 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறோம், கூலருக்கு மேலே 10 மி.மீ. இவை இரண்டையும் சேர்த்து 15 மி.மீ. நறுக்கினால் 10 லிட்டருக்கு வந்துவிடும். விசிறிக்கு மிக நெருக்கமாகத் துளைத்தகடு வந்தால் காற்று குறைவதோடு விசில் போல ஒரு சத்தமும் கிளம்பும். அதனால் அகலத்தில் கை வைக்கவில்லை.

ஆசாரியின் பட்டறையில்

கணினியைத் தாங்குவது உலோகம், மரம் அதற்குச் சட்டை. இதை ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிட்டோம். மரம் ஈரத்தை வாங்கும், விடும்; ஐப்பசி கார்த்திகையில் நார்க்குறுக்கே உப்பும், பங்குனி சித்திரையில் சுருங்கும். கதவுக்கு அது பரவாயில்லை. மில்லிமீட்டர் பிசகினால் பொருந்தாத யுஎஸ்பி வாசல்களை அதன் மேல் நம்பி நிறுத்த முடியாது. ஆகவே போர்டு, கார்டு, பவர் சப்ளை, பின்தகடு எல்லாம் ஒன்றோடொன்று அலுமினியத்தில்தான் பிணைந்திருக்கின்றன. முதுகெலும்புத் தகட்டை மரச்சட்டத்தோடு சேர்க்கும் துளைகளை மட்டும் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் அறுத்தோம். மரம் அசைந்தால் திருகு அந்த நீளத்துக்குள் நகர்ந்துகொள்ளும்.

பலாப்பலகை பல பத்தாண்டுகள் வீட்டுக்குள் இருந்து காய்ந்தது. ஆசாரி அதைக் கையில் தூக்கி விரலால் தட்டிப் பார்த்தார். "இது இனிமே முறுக்காது தம்பி. வீணைக்கே இதைத்தானே போடுறோம்," என்றார். இழைத்ததும் உள்ளிருந்து அந்த மஞ்சள் நிறம் எழுந்து வந்தபோது பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! 12 மி.மீ. கனத்துக்கு இழைத்து முன்பக்கம், அடி, மேல்சட்டம் மூன்றும் செய்தார். பக்கங்களில் மரமே கிடையாது, அங்கே காற்று வர வேண்டும். பின்பக்கமும் மரம் கூடாது. போர்டின் பின்வாசல் 158.75க்கு 44.45 மி.மீ. அளவுள்ள திறப்பு, 12 மி.மீ. மரத்தில் அதை வெட்டினால் எச்டிஎம்ஐ கேபிளின் தலை உள்ளே எட்டாது.

அளவில்தான் கொஞ்சம் இழுபறி. ஆசாரிக்கு அங்குலமும் நூலும்தான் பேச்சு. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3 மி.மீ.க்குச் சற்று மேல். அரை நூலுக்குக் கீழே அவர் சொல்லில் 'மயிரிழை'தான். நாங்களோ கணினியில் வரைந்த படத்தில் 44.45 என்று நிற்கிறோம். படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "மில்லிக்கணக்கு எனக்கு எதுக்கு தம்பி? உள்ள போற சாமானைக் கொண்டாந்து வைங்க. நான் அதை வச்சே கோடு போட்டுக்கிறேன்."

அப்படியே செய்தோம். அலுமினிய முதுகெலும்பில் எல்லாப் பாகங்களையும் பூட்டி, அந்த முழுக் கூட்டையும் அவர் பட்டறைக்கே எடுத்துப் போனோம். மதர்போர்டுக்குப் பதிலாகப் பழுதான ஒரு மினி ஐடிஎக்ஸ் போர்டு. மரத்தூள் பறக்கும் இடத்தில் புதியதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆசாரி சட்டத்தைக் கூட்டின் மேல் வைத்துப் பார்ப்பார், சீவுளியால் ஒரு இழை எடுப்பார், மறுபடி வைப்பார். தகடு உட்கார உள்விளிம்பில் எடுத்த பள்ளம் ஓரிடத்திலும் இடறவில்லை. படத்தை வைத்துக்கொண்டு எந்த இயந்திரத்தில் வெட்டியிருந்தாலும் இந்தப் பொருத்தம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அலுமினியத் தகட்டில் போர்டுக்கான துளை போடுவதில் ஒரு எச்சரிக்கை. மினி ஐடிஎக்ஸின் நான்கு துளைகளும் சரிசதுரமாக அமைந்தவை அல்ல, ஒன்று வரிசையிலிருந்து விலகியிருக்கும். மூலைக்கு மூலை அளந்து போட்டால் நாலாவது திருகு ஏறாது. பழைய போர்டையே தகட்டின் மேல் வைத்து, துளை வழியாகக் குறிமுனையால் புள்ளி குத்திக்கொள்வதே பத்திரம். புள்ளியில் 2.5 மி.மீ. துளை, அதில் எம்3 மரை. 2 மி.மீ. தகட்டில் மரை நாலு சுற்றுத்தான் பிடிக்கும் என்பதால் போர்டைத் தகட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கும் ஸ்டாண்ட்-ஆஃப்களுக்குப் பின்னால் நட்டும் போட்டோம். பேருந்தில் குலுங்கும் சாமான் அல்லவா.

மெருகுக்கு வெளிப்பக்கம் மெலமைன் பாலிஷ். அரக்குப் பாலிஷ்தான் பலாவுக்கு அழகு என்று ஆசாரி சொன்னார், உண்மைதான். ஆனால் அது சூட்டில் இளகும். மேல்சட்டத்தின் வழியாக எந்நேரமும் சூடான காற்று போகும் என்பதால் வேண்டாமென்று முடிவாயிற்று. உட்பக்கத்தில் எதையும் பூசவில்லை.

சல்லடைத் தகடு

பக்கத்தகடு எதில் செய்வது என்பதற்கு விடை டெல்டாவிலேயே கிடக்கிறது. அரிசி ஆலைகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடைகளில் நெல் சலிக்கும் சல்லடைத் தகடு கிடைக்கும். துளைகள் இயந்திரத்தில் குத்தியவை, வரிசை பிசகாதவை, வேண்டிய அளவில் வெட்டியும் தருவார்கள். அதே மாதிரித் தகட்டைக் கணினிக்கென்று ஊர் கடந்து வரவழைத்தால் விலை பல மடங்கு.

எந்தத் துளை என்பதுதான் முக்கியம். வரிசை மாறி வரிசை அமைந்த வட்டத் துளைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. துளையின் விட்டத்தை, ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். வந்ததை அதாலேயே பெருக்கி, 0.907-ஆல் பெருக்கினால் தகட்டில் எத்தனை பங்கு திறந்திருக்கிறது என்று தெரியும். 3 மி.மீ. துளை, 5 மி.மீ. தூரம் என்றால் சுமார் 33 சதவீதம். 4 மி.மீ. துளை, அதே 5 மி.மீ. தூரம் என்றால் 58 சதவீதம். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலத்தான் தெரியும். கடைக்காரரும் இரண்டையும் ஒரே விலைக்குத்தான் தருகிறார்.

இரண்டிலும் ஒவ்வொரு ஜோடி வெட்டி வாங்கி, கத்திரி வெயிலில் அந்த மாடியறையிலேயே வைத்து ஒப்பிட்டோம். அறை 35 டிகிரி. பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச்சும், கார்டுக்குக் கொடுக்கும் ஃபர்மார்க்கும் சூடு நிலைக்கும் வரை ஓடின. 33 சதவீதத் தகட்டில் கார்டு 84 டிகிரி. பிராசசர் தன் உச்சவரம்பான 95-ஐத் தொட்டு, வேகத்தைக் குறைத்துக்கொண்டது. தகட்டைக் கழற்றி வைத்து ஓட்டினால் கார்டு 74, பிராசசர் 87. அதாவது பத்து டிகிரியை அந்தத் தகடுதான் பிடித்து வைத்திருந்தது. 58 சதவீதத் தகடு மாட்டியதும் கார்டு 76, பிராசசர் 89. தகடே இல்லாத நிலைக்கு இரண்டே டிகிரி தூரம்.

சின்னக் கேஸ் வைத்திருக்கும் யாரும் இந்தச் சோதனையைத் தங்கள் கணினியிலும் செய்து பார்க்கலாம், ஒரு பைசா செலவில்லை. பக்கத்தகடோடும் தகடில்லாமலும் ஒரே சுமையை ஓட்ட வேண்டும். வித்தியாசம் ஐந்து டிகிரிக்கு மேல் வந்தால் குறை கூலரில் இல்லை, வாசலில். அதைப் பார்க்காமல் விலை கூடிய கூலர் வாங்குகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

அடுத்து காற்று திரும்புவது. கூலர் தள்ளிய சூடான காற்று, விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் 10 மி.மீ. சந்து வழியாகவே மறுபடி விசிறிக்குள் போய்விடும். பள்ளிக்கூடக் கைவேலைக்கு விற்கும் ஃபோம் தாளை வளையமாக வெட்டி, விசிறியின் ஓரத்திலிருந்து தகடு வரை ஒரு குழாய் போல அடைத்தோம். பிராசசர் 86-க்கு இறங்கியது. ஃபோம் தாளின் விலைக்கு மூன்று டிகிரி என்பது இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த பேரம். கடைசியாக பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில், 45 வாட் ஈகோ மோட் வைத்தோம். அப்போது பிராசசர் 88-க்குப் பதில் 61 வாட்டோடு நின்றுகொள்ளும். சூடு 73. விளையாட்டில் ஃபிரேம் எண்ணிக்கையில் பையனால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை, ஏனென்றால் அங்கே எல்லை கட்டுவது கார்டு.

தகட்டைக் குத்திய பக்கத்தில் பிசிறு இருக்கும், அதை உள்பக்கம் வைக்க வேண்டும். தகட்டுக்கும் மரத்துக்கும் இடையில் மெல்லிய ரப்பர் பட்டை வைக்காவிட்டால் விசிறியின் அதிர்வில் தகடு ரீங்கரிக்கும். 4 மி.மீ. துளையில் வீட்டுப் பல்லி நுழையாது என்பது இன்னொரு நிம்மதி. பவர் சப்ளைக்குள் பல்லி விழுந்து செத்து, போர்டோடு போன கணினிகளை என் கடையில் பார்த்திருக்கிறேன். பின்தகட்டில் ஒரு விரல் அகலச் சந்து இருந்தால்கூட அது போதும் பல்லிக்கு. எறும்பை எந்தத் துளையும் தடுக்காது. மேசைக் கால்களில் எறும்புச் சாக்பீஸ் கோடுதான்.

ரைசர் கேபிள்

கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் தடத்துக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். அதில் நான்காம் தலைமுறை என்று சொல்லி விற்ற ரைசர் கேபிள், உண்மையில் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு தடத்தில் நொடிக்கு 8 கிகா பரிமாற்றம், நான்காவதில் 16. வேகம் கூடக் கூடக் கேபிளின் தரம் துல்லியமாகக் காட்டிக் கொடுக்கும். கணினி ஆன் ஆகும், கார்டு விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும்; சில சமயம் விளையாட்டின் நடுவே உறையும். இங்கேதான் பிராசசரின் உள் கிராபிக்ஸ் கைகொடுத்தது. கார்டின் எச்டிஎம்ஐயைப் பிடுங்கிப் போர்டில் செருகியதும் படம் வந்தது. பயாஸில் கார்டு ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கியதும் கோளாறு நின்றுவிட்டது. குற்றவாளி கேபிள்தான் என்று அத்தோடு உறுதி. விற்றவர் மாற்றித் தர மறுத்தார். வேறு இடத்தில் வாங்கிய கேபிளில் நான்காம் தலைமுறையிலேயே ஓடுகிறது. அவசரத்துக்கு மூன்றிலேயே விட்டிருந்தாலும் 4060-க்குப் பெரிய இழப்பில்லை. கேபிளைக் காகிதம் போல மடிப்பு விழ மடக்காமல், வளைத்துத் திருப்ப வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கரண்டும் எர்த்தும்

மரக் கேஸ் செய்கிறவர்கள் அதிகம் பேசாத விஷயம் இது, எனக்கோ இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இரும்புக் கேஸில் பவர் சப்ளையைத் திருகினாலே உடம்பு முழுக்க எர்த் கிடைத்துவிடும். மரத்தில் அது நடக்காது. இந்த அமைப்பில் பவர் சப்ளை முன்பக்கம் இருப்பதால், பின்தகட்டிலிருந்து உள்ளே வீட்டுக் கரண்டைக் கொண்டுபோகும் ஒரு நீட்டிப்பு ஒயர் ஓடுகிறது. அது கட்டாயம் மூன்று கம்பி ஒயராக இருக்க வேண்டும். எர்த் கம்பியிலிருந்து ஒரு கிளை எடுத்து, வளைய முனை பிடித்து, அலுமினிய முதுகெலும்பில் பல்வாஷரோடு முறுக்கினோம். பக்கத்தகடு இரண்டுக்கும் தனித்தனியே ஒரு பச்சைக் கம்பி. பிளக்கின் எர்த் முனையிலிருந்து கேஸின் எந்த உலோகத்தைத் தொட்டாலும் மல்டிமீட்டர் கத்த வேண்டும். கத்தியது.

வீட்டு எர்த் வேறு கதை. பழைய வீடுகளில் மூன்று முனை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. அப்படி எர்த் இல்லாமல் ஓடும் கணினியின் உடம்பில், பவர் சப்ளையின் வடிகட்டிக் கபாசிட்டர்கள் வழியாகப் பாதி மின்னழுத்தம், அதாவது 115 வோல்ட் அளவுக்கு மிதக்கும். கரண்ட் மிகச் சொற்பம், ஆளைக் கொல்லாது; ஆனால் தொட்டால் சுருசுருவென்று இருக்கும், எச்டிஎம்ஐ செருகும்போது போர்டைப் பதம் பார்க்கும். இந்த வீட்டில் கம்பி சரியாக இருந்தது, கோடையில் எர்த் குழிதான் வறண்டு கிடந்தது. வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். பையனின் அம்மா செடிக்கு ஊற்றும்போதே அதற்கும் ஊற்றிவிடுகிறார்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர். வீட்டில் இருப்பது 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி, சைன் வேவ் வகை. நல்ல பவர் சப்ளைகளுக்குச் சதுர அலை இன்வெர்ட்டர் ஒத்துவராது, ஊளையிடும் அல்லது அணைந்துவிடும். இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ்ஸில் வைத்தால்தான் மாறும் நேரம் கணினி தாங்கும் அளவுக்குக் குறையும். வோல்டேஜ் அடிக்கடி இறங்கும் பகுதியில் யுபிஎஸ் நிலையில் பேட்டரி தேவையில்லாமல் வேலை செய்யும் என்பதால் பலர் நார்மலில் வைத்துவிடுகிறார்கள். இங்கே விளையாடும் நேரத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். 200 வாட் சொச்சம் எடுக்கும் கணினி, பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஒரு விசிறி விளக்கோடு சேர்த்துத் தாராளமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. குறைந்த வாட் பாகங்களை எடுத்ததன் பலன் இங்கேயும் தெரிந்தது.

மழையும் அறுவடையும் கழிந்த பின்

ஐப்பசி மழையில் மேல்சட்டம் எதிர்பார்த்தபடியே கொஞ்சம் உப்பியது. நீளத்துளைக்குள் திருகு நகர்ந்த தடம் அலுமினியத்தில் மெல்லிய கீறலாகத் தெரிந்தது. போர்டும் பின்வாசலும் இம்மியும் விலகவில்லை. ஏசி பேருந்தில் வந்து இறங்கிய நாட்களில் மட்டும் உடனே ஆன் செய்ய வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். குளிர்ந்த உலோகத்தில் நம் ஊர் ஈரக்காற்று பட்டால் வேர்க்கும். பையைத் திறந்து வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் போதும்.

தூசுதான் எதிர்பார்த்ததைவிட அதிகம். வீட்டுக்குப் பின்னால் வயல். குறுவை அறுப்பிலும் அப்புறம் தை மாதச் சம்பா அறுப்பிலும் அறுவடை மெஷின் ஓடும்போது கிளம்பும் பதர்த்தூசு, சாதாரண வீட்டுத்தூசு போலப் படியாது. லேசாகப் பறந்து வந்து தகட்டின் துளைகளில் அப்பிக்கொள்ளும். தகட்டின் உள்பக்கம் காந்தப் பட்டையில் ஒட்டும் நைலான் வலை வைத்திருந்தோம். அறுவடை நாட்களில் வலை அடைத்து கார்டின் சூடு 80-ஐத் தாண்டியது. வலையை எடுத்துத் தட்டி மாட்டியதும் இறங்கியது. அந்த நாட்களில் வயல் பக்க ஜன்னலைச் சாத்திவைப்பதும், வாரம் ஒரு முறை வலையைத் தட்டுவதும் வழக்கமாகிவிட்டது. உள்ளே பெயின்ட் பிரஷ். ப்ளோயர் அடித்தால் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் மிதமிஞ்சிச் சுற்றி பேரிங் கெடும்.

பேருந்துப் பயணத்தில் கார்டின் முன்முனை ஆடாமல் இருக்க, அலுமினியத்தில் ஒரு சிறு தாங்கியைப் பிறகு சேர்த்தோம். எடை ஏழு கிலோவை ஒட்டி. தூக்கிப் போக இது கனம்தான், மரத்துக்குக் கொடுத்த விலை. பையன் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

அடுத்த கார்டு பற்றி இப்போதே கேட்கிறார். ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 145 வாட். இன்றைய கார்டு 115 வாட்டில் அறைச் சூட்டுக்கு மேல் 41 டிகிரி ஏறுகிறது. அதே அளவு ஹீட்சிங்க் என்றால் 145 வாட்டுக்கு 52 டிகிரி ஏறும், கத்திரியில் 87-இல் போய் நிற்கும். அது விளிம்பு. ஆகவே பெயரைப் பார்த்து வாங்காமல் 50 மி.மீ. கனமுள்ள ஹீட்சிங்க் வைத்த கார்டாகப் பார்த்து வாங்க வேண்டும். அது வந்தாலும் தகட்டுக்கு 10 மி.மீ. இடைவெளி மிஞ்சும். பின்தகட்டில் மூன்றாவது ஸ்லாட்டுக்கான திறப்பை இப்போதே வெட்டி, பல்லி புகாமல் மூடி போட்டு வைத்திருக்கிறோம்.